மார்ச் மாத மலையேற்றத்துக்கு முன்பணம் கட்டுவோர் கவனத்துக்கு

கடந்த மார்ச் கடைசி வாரத்தில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வெள்ளை மலைத்தொடரில் 1,600 மீட்டர் உயரமுள்ள லஃபாயெட் சிகரத்துக்கு அழைத்துச் செல்வதாக ஒரு பயண நிறுவனம் செய்த விளம்பரத்தை நம்பி, நானும் என் தங்கையும் தலைக்கு 190 டாலர் கட்டினோம். காலை 6 மணிக்குப் புறப்பாடு, ஆறு பேருக்கு ஒரு வழிகாட்டி, ஸ்னோஷூவும் (பனியில் கால் புதையாமலிருக்கக் காலணியின் அடியில் கட்டும் அகலமான சட்டம்) கிராம்பானும் (பனிக்கட்டியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் உலோக முட்கள்) அவர்கள் பொறுப்பு, வழியில் கிரீன்லீஃப் குடிலில் சூடான சூப் என்பது பேச்சு.

வழிகாட்டி வந்து சேர்ந்ததே ஒன்பதரை மணிக்கு. பதினான்கு பேருக்கு அவர் ஒருவர்தான். ஸ்னோஷூவைப் பற்றிக் கேட்டபோது, வசந்தம் வந்துவிட்டது, அது வீண் சுமை என்றார். காலணியில் மாட்டிக்கொள்ள என்னிடம் கொடுத்த மைக்ரோஸ்பைக்கின் (சங்கிலியில் கோத்த சிறு முட்கள்) ரப்பர் வெடித்திருந்தது. அறுந்த சங்கிலியைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டியிருந்தார்கள். அப்போதே திரும்பியிருக்க வேண்டும்.

இந்த மலைகளில் குளிர்காலம் முழுவதும் ஆட்கள் நடந்து நடந்து, பாதையின் நடுப்பனி மட்டும் இறுகிக் கெட்டியாகிவிடுகிறது. மார்ச் மாதத்தில் இருபுறமும் இளகிவிட, ஒற்றைத் தண்டவாளம் போல அந்த நடுப்பகுதிதான் எஞ்சுகிறது. இரவு உறைந்திருப்பதால் அதிகாலையில் அது ஆளைத் தாங்கும். வெயில் ஏறிய பிறகு, ஸ்னோஷூ இல்லாதவரின் கால் எந்த அடியில் உள்ளே போகும் என்று சொல்ல முடியாது. பிற்பகல் ஒரு மணி அளவில் என் தங்கையின் வலது கால் தொடை வரை புதைந்தது. அடியில் கிடந்த மரக்கிளையில் பாதம் சிக்கி முழங்கால் திருகிக்கொள்ள, கையால் பனியைத் தோண்டித்தான் காலை வெளியே எடுத்தேன். ‘குடில் பக்கந்தான், அங்கே காத்திருங்கள்’ என்று சொல்லிவிட்டு, வழிகாட்டி வேகமாக நடப்பவர்களுடன் மேலே போய்விட்டார். நொண்டி நொண்டிப் போய்ச் சேர்ந்தால், குடில் பூட்டிக் கிடந்தது. குளிர்காலத்தில் அது திறப்பதே இல்லை என்பது அந்த மலைக்கு ஒருமுறை போனவருக்கும் தெரியும். விளம்பரம் எழுதியவருக்குத் தெரியாதா?

இருட்டிய பிறகு, கைபேசி வெளிச்சத்தில் நாங்களாகவே இறங்கி வந்தோம். மீட்புக் குழுவை அழைக்கத் தயங்கியதற்கும் காரணம் உண்டு: கவனக்குறைவால் நேர்ந்தது என்று முடிவானால், மீட்புச் செலவை மலையேறியவரிடமே வசூலிக்க அந்த மாநிலச் சட்டத்தில் இடமிருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, வானிலை மாற்றங்களுக்குப் பொறுப்பல்ல என்று நாங்கள் கையெழுத்திட்ட படிவத்தை அனுப்பினார்கள். வானிலை அன்று நன்றாகவே இருந்தது. விளம்பரப் பக்கத்தையும் அறுந்த சங்கிலியின் படத்தையும் இணைத்துக் கடன் அட்டை வங்கியிடம் முறையிட்ட பிறகுதான் பாதித் தொகை திரும்பியது. மார்ச், ஏப்ரலில் இப்படிப் போக நினைப்பவர்கள், புறப்படும் நேரத்தையும் தரப்போகும் உபகரணங்களின் பட்டியலையும் மின்னஞ்சலில் எழுதி வாங்காமல் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம்.