மாருதி 800 சஸ்பென்ஷன் வேலை: பழைய ஸ்ட்ரட்டைக் கடையில் கொடுத்துப் புதியது வாங்குபவர்கள் கவனத்திற்கு

வீட்டுக் கொட்டகையிலேயே பழைய காரின் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் அமைப்பைக் கழற்றிப் புதுப்பிக்க நினைப்பவர்கள், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். புதியவை என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் நான்கு ஷாக் அப்சார்பர்களில் மூன்று புதியவை அல்ல. யாருடைய காரிலிருந்தோ கழற்றிய பழையவற்றை அறுத்து, எண்ணெய் மாற்றி, மீண்டும் பற்றவைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, பெயர் பெற்ற கம்பெனியின் பெட்டி போலவே அச்சிட்ட பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

கார், என் அப்பா 1999-இல் வாங்கிய மாருதி 800. பதினைந்து ஆண்டு முடிந்து 2014-இல் ஒரு முறையும், பிறகு 2019-இலும் ஆர்.சி. புதுப்பித்தோம். 2024-இல் மறுபடி தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததால், அதற்கு முன் அடிப்பாகம் முழுவதையும் சரி செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. தரை சிமெண்ட் போட்டது. ஜாக்கி, நான்கு ஸ்டாண்டுகள், ஸ்பிரிங் கம்ப்ரஸர், டார்க் ரெஞ்ச் எல்லாம் சொந்தமாக வைத்திருக்கிறேன். பிரேக், கிளட்ச் வேலைகளைப் பல ஆண்டுகளாக நானே செய்து வருகிறேன். ஆகவே வேலை தெரியாமல் நான் ஏமாறவில்லை. வேலை தெரிந்தும், பொருளைச் சரியாகப் பார்க்காமல் ஏமாந்தேன்.

இந்தக் காரின் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஷாக் அப்சார்பரும் சுருள் ஸ்பிரிங்கும் ஒரே தூணில் இருக்கும். கீழே லோயர் ஆர்ம் ஒன்று சக்கரத்தைப் பிடித்திருக்க, அந்த ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் வேலையையும், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரே செய்கிறது. அதனால்தான் அதன் ரப்பர் புஷ் (இணைப்பில் இருக்கும் மெத்தை வளையம்) தேய்ந்தால் பிரேக் அடிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கும். பின்பக்கத்தில் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. மொத்தத்தில் எளிமையான அமைப்பு. எளிமையானது என்பதால்தான் இதை வீட்டில் செய்யத் துணிகிறோம். ஆனால் மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது என்பதையும், ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் இன்னும் நிறைய இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பழசைப் புதுசாக்கி விற்பவர்களுக்கு இது எவ்வளவு வசதியான கார் என்பது விளங்கும்.

கடைக்காரர் மிகவும் மரியாதையாகவே பேசினார். கேஸ் நிரப்பிய ஷாக் அப்சார்பர் நான்கும், சற்றுத் தாழ்வாக நிற்கவைக்கும் கனமான ஸ்பிரிங் செட் ஒன்றும் சேர்த்து 17,600 ரூபாய் என்றார். பில் கேட்டபோது, பில் போட்டால் அப்போதிருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி. கூடும் என்று சொல்லி, மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சிட்ட துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். "எதுனாலும் நான் இருக்கேனுங்க தம்பி, பில்லு எதுக்குங்க" என்றார். பிறகு, பழைய ஸ்ட்ரட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒன்றுக்கு 300 ரூபாய் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார். பழைய இரும்புக்குக் கிடைப்பதைவிட அது அதிகம் என்பதால் மகிழ்ச்சியாகவே ஒப்புக்கொண்டேன். எண்ணெய் கசிந்து செத்துப்போன ஸ்ட்ரட்டுக்கு ஒரு கடைக்காரர் ஏன் இரும்பு விலையைவிட அதிகம் தருகிறார் என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தப் பதிவுக்கே அவசியம் இருந்திருக்காது.

மாட்டி முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முன் ஃபெண்டரை அழுத்திவிட்டுப் பார்த்தபோது, கார் ஒரே தடவை எழும்பி அடங்கியது. எனக்கு முழுத் திருப்தி. இந்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கனமான எண்ணெயை ஊற்றி மூடிய ஷாக் அப்சார்பர், குளிர்ந்திருக்கும்போது நல்ல எதிர்ப்பையே காட்டும். தொடர்ந்து ஏறி இறங்கி அந்த எண்ணெய் சூடாகும்போதுதான் உண்மை தெரியும். சூட்டில் எண்ணெய் இளகும், அதில் காற்று கலந்து நுரைக்கும். நுரையைப் பிஸ்டனின் சிறு துளைகள் வழியே தள்ளுவதற்குப் பெரிய எதிர்ப்பு இருக்காது. உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் நிரப்புவதே இந்த நுரையைத் தடுக்கத்தான். என்னுடையவற்றில் அந்த நைட்ரஜன் இல்லை.

எங்களுக்கு அது வால்பாறையில் தெரிந்தது. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போனபோது குறை ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள் இறங்கும்போது, இருபதாவது வளைவைத் (வளைவுகளின் எண் கீழிருந்து தொடங்கும்) தாண்டிய பிறகு, ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்ததும் மூக்கு கீழே குத்தி, பிறகு எழும்பி, மறுபடி குத்தியது. பின் இருக்கையில் இருந்த அம்மா, "என்னடா, தொட்டில ஆட்டற மாதிரி ஆடுது" என்றார். ஒன்பதாவது வளைவில் இருக்கும் காட்சி முனையில் ஓரங்கட்டி நிறுத்தினேன். இடது முன் சக்கரத்துக்கு உள்ளே கையை விட்டுத் தடவியபோது விரல் முழுவதும் எண்ணெய். டயரின் உள்விளிம்பு வரை வழிந்திருந்தது. இன்னும் சிறிது வழிந்திருந்தால் பிரேக் வரை போயிருக்கும். கீழே ஆழியாறு அணை தெரிந்துகொண்டிருந்தது, நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீதமுள்ள வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவையும் மனைவியையும் அரசுப் பேருந்தில் ஏற்றிவிட்டு, முதல் கியரிலேயே இறக்கி வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் கழற்றிய ஸ்ட்ரட்டைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்தேன். கறுப்புப் பெயிண்ட் எளிதாக வந்துவிட்டது. அடியில் பழைய சாம்பல் நிறப் பூச்சும், அதில் கல் தெறித்த புள்ளிகளும் இருந்தன. குழாயின் மேல்விளிம்பில் ஒரு சுற்று வெல்டிங், அதைக் கிரைண்டர் வைத்து மழுப்பியிருந்தார்கள். பார்ட் எண் பொறித்திருக்க வேண்டிய இடத்தில் விரலை ஓட்டினால் மெல்லிய பள்ளம் தட்டுப்பட்டது. எண்ணை அரைத்து எடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட உறுதியான சாட்சி, சக்கரத்தைத் தாங்கும் பாகமான நக்கிலோடு சேரும் இரண்டு போல்ட் துளைகளைச் சுற்றி இருந்தது. பெயிண்டுக்கு அடியில், வாஷர் அழுந்திய வட்டத் தடம். நான் இறுக்கியதால் பதிந்த தடம் பெயிண்டின் மேல் இருந்தது. அதற்குச் சற்று விலகி, அடியில் இன்னொரு வட்டம். புதிய பொருளில் அந்த இரண்டாவது வட்டம் இருக்க வழியே இல்லை.

ஆகவே மாட்டுவதற்கு முன், முடிந்தால் கடையிலேயே, அந்தத் துளைகளைச் சுற்றி நகத்தால் கீறிப் பாருங்கள். ஷாக் அப்சார்பருக்குள் போய்வரும் கம்பியான ராடின் மரையில் பெயிண்ட் தூசு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் மொத்தமாக நிறுத்தி ஸ்பிரே அடித்தால் மரையிலும் படியும். ராடை முழுவதும் வெளியே இழுத்து வெளிச்சத்தில் சுழற்றினால், புதியதில் குரோம் கண்ணாடி போல இருக்கும். பழையதை எமரி தாள் வைத்துத் தேய்த்திருந்தால் குறுக்கே மெல்லிய கோடுகள் தெரியும். கேஸ் நிரப்பியது என்று சொன்னால், ராடை உள்ளே அழுத்தி விட்டால் அது தானாக மெதுவாக வெளியே வர வேண்டும். வெறும் எண்ணெய் வகை அப்படித் திரும்பி வராது என்பதால் அதை மட்டும் வைத்துப் பழுது என்று சொல்ல முடியாது. ஆனால் கேஸ் வகைக்கான விலையை வாங்கிக்கொண்டு கொடுத்த பொருள் அப்படி வராமல் நின்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் இதைச் செய்யவில்லை. பெட்டி புதிதாக இருந்தது, அதை நம்பிவிட்டேன்.

ஸ்பிரிங் விஷயமும் இதே கதைதான், ஆனால் அதைக் கண்டுபிடிப்பது எளிது. கனமான ஸ்பிரிங் என்று கொடுத்ததை வெர்னியர் வைத்து அளந்தபோது கம்பியின் தடிமன் என் பழைய ஸ்பிரிங்கின் தடிமனேதான். சுற்று மட்டும் ஒன்று குறைவு. அதாவது சாதாரண ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி, வெட்டிய முனையைக் காய்ச்சித் தட்டையாக்கி, சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் சற்று விறைப்பாகும் என்பது உண்மைதான். ஆனால் காய்ச்சிய இடத்தில் எஃகின் பதம் போய்விடும், முனை ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் சரியாக அமராது, கார் தாழ்ந்து நிற்பதால் சிறு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில் (எல்லையில் இருக்கும் ரப்பர் தடுப்பு) போய் இடிக்கும். பெயிண்டைச் சுரண்டியபோது காய்ச்சியதன் அடையாளமாகக் கடைசிச் சுற்றில் நீலம் பாய்ந்திருந்தது. மலைச்சாலையில் அது உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்க விரும்பவில்லை.

வேறு இரண்டு இடங்களிலும் பணம் போனது. லேத் பட்டறையில் பிரஸ் வைத்து ஏற்ற வேண்டிய லோயர் ஆர்ம் புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றி, வெளி உறையை நசுக்கிக் கொடுத்தார்கள். அலைன்மெண்ட் கடையில் 'கேம்பர் கரெக்ஷன்' (சக்கரத்தின் செங்குத்துச் சாய்வைத் திருத்துவது) என்று 1,200 ரூபாய் வாங்கினார்கள். இந்தக் காரில் ஸ்டீயரிங்கோடு சேரும் டை ராடு வழியாக, சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளே, வெளியே திரும்பும் டோ அளவை மட்டும்தான் திருத்த முடியும். கேம்பரைத் திருத்துவதற்குக் கம்பெனி எந்த ஏற்பாடும் வைக்கவில்லை. அவர்கள் செய்தது, ஹைட்ராலிக் ஜாக்கைக் கொடுத்து ஸ்ட்ரட்டையே வளைத்ததுதான். கேம்பர் அளவு தவறாக இருந்தால் எங்கோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள். நல்ல பாகத்தை வளைத்து அந்தக் கணக்கைச் சரிக்கட்டக் கூடாது.

ஸ்ட்ரட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோது பேச்சு மாறிவிட்டது. "நீங்களே வீட்ல கழட்டி மாட்டுனா கம்பெனி பொறுப்பில்லீங்க" என்றார். அந்தப் பொருள் தன் கடையில் வாங்கியதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்றும் கேட்டார். வீட்டில் வேலை செய்பவர்களை மடக்குவதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும். மெக்கானிக்கின் பில் இல்லை, கடையின் பில் இல்லை, பொருளில் எண் இல்லை. என்னிடம் இருந்தது அந்த எஸ்டிமேட் சீட்டும், கைப்பேசி வழியாகப் பணம் செலுத்திய பதிவும் மட்டுமே. நல்லவேளையாகப் பணத்தை ரொக்கமாகக் கொடுக்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். கடையிலிருந்து பதில் வராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, விற்ற பொருளுக்குப் பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடைமுறை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். பில் இல்லையே என்று நான் இரண்டு வாரம் தயங்கிக்கொண்டிருந்தேன்; பில் கொடுக்க மறுத்ததையே புகாரில் எழுதலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

கார் இப்போது சரியாக ஓடுகிறது. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில்லோடு, கடை மேசையிலேயே பெட்டியைத் திறந்து, எண்களைப் படம் எடுத்துக்கொண்டு வாங்கினேன். ஸ்பிரிங்கில் ஆசைப்படாமல் சாதாரண அளவையே போட்டேன். பின் அச்சைப் பிடித்திருக்கும் டிரெய்லிங் ஆர்மின் புஷ் போல்ட்டுகளை, சக்கரம் தொங்கும்போது இறுக்காமல், காரைத் தரையில் இறக்கி அதன் எடை சக்கரத்தில் நின்ற பிறகே இறுக்கினேன். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். முதல் முறை செய்த அவசரத்தில் இதையும் தவறவிட்டிருந்தேன்.

என் அப்பா காலத்திலிருந்து காரில் இருந்த இரண்டு ஸ்ட்ரட்டுகள் 600 ரூபாய்க்கு அந்தக் கடைக்குப் போனவை போனவைதான். இந்நேரம் அவையும் கறுப்புப் பெயிண்டோடு ஏதாவது ஒரு பெட்டிக்குள் இருக்கலாம். கோவைப் பக்கத்தில் 800-க்கு ஸ்ட்ரட் வாங்கியவர்கள் போல்ட் துளைகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏமாற்றி விற்கப்பட்ட மூன்றில் ஒன்றை ஆணையத்துக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மற்ற இரண்டிலும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, துணியால் மூடி, அடியில் சிறு துளை போட்டு உள்ளே அழுத்தம் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். காற்று சிறிதும் சீறவில்லை, கறுத்த எண்ணெய் மட்டும் ஒழுகியது. பிறகு ராடையும் குழாயையும் குறுக்கே அறுத்துத்தான் இரும்புக் கடையில் போட்டேன்.