இணையவழிக் கல்வி: சில ஆண்டுகள் படித்துப் பார்த்தபின்

இணையவழிக் கல்வி நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. நேரலை வகுப்பா, பதிவு செய்த பாடமா என்று கேட்டால் சொல்வேன். இரண்டும் திரையில் வருகின்றன என்பதைத் தவிர இரண்டுக்கும் பெரிய உறவு கிடையாது. கல்லூரிப் பாடங்களில் ஒரு பகுதியை நேரலையில் படித்தேன். கணிதத்தையும் நிரலாக்கத்தையும் பெரும்பாலும் பதிவு செய்த பாடங்களில் கற்றேன், இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். முன்னதை இனி நானாகத் தேடிப் போக மாட்டேன். பின்னதை விடவும் மாட்டேன்.

பதிவு செய்த பாடத்தின் அருமை தெரிய வேண்டுமானால் ஒரு தொகையிடல் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வரியிலிருந்து ஐந்தாவது வரிக்கு ஆசிரியர் தாவிவிடுவார். "இதிலிருந்து இது வரும்" என்பார். எப்படி வரும் என்று வகுப்பறையில் ஒருமுறை கேட்கலாம். இரண்டாம் முறை கேட்கும்போதே பின்வரிசையில் யாராவது பெருமூச்சு விடுவார்கள். காணொளியில் அந்தப் பத்து விநாடிகளை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். நிறுத்திவிட்டு விடுபட்ட வரியை நாமே எழுதிப் பார்த்துவிட்டு மேலே போகலாம். தெரிந்த பகுதியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டலாம். மெதுவாகப் புரிந்துகொள்ளும் மாணவருக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்தக் கல்விமுறையும் தந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நல்ல ஆசிரியர்கள் கிடைப்பது இன்னொரு லாபம். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) தன் பாடப்பொருள்களை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிடப் போவதாக 2001-இல் அறிவித்தது. அங்கே கணிதப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் கரும்பலகையில் சுண்ணக்கட்டியுடன் நேரியல் இயற்கணிதம் நடத்திய வகுப்புகளை இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். படப்பிடிப்பு சாதாரணம்தான், வண்ண அசைவூட்டங்கள் எதுவும் கிடையாது. பளபளப்பான பல கட்டணப் பாடங்களைவிட அவை எனக்கு அதிகம் உதவின.

ஆனால் காணொளி ஏமாற்றவும் செய்யும். சரளமாக விளக்குபவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே எல்லாம் தெரிந்துவிட்டது போல் இருக்கும். ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: மெருகான விரிவுரையைக் கேட்ட மாணவர்கள் தாங்கள் அதிகம் கற்றதாக நினைத்தார்கள், திணறித் திணறிக் கணக்குப் போட்டவர்களோ தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். அது நேரடி வகுப்பில் நடந்த ஆய்வுதான். ஆனாலும் திரைக்கு முன்னால் இந்த மயக்கம் கூடுகிறதே தவிர குறைவதில்லை என்பது என் அனுபவம். கணக்கின் தீர்வைப் பார்த்த பின் காணொளியை மூடிவிட்டு அதே கணக்கை வெற்றுத்தாளில் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

பாடத்தின் நீளமும் முக்கியம். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் சுமார் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை அலசி 2014-இல் வந்த ஆய்வில், காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒரு மணிநேர வகுப்பை அப்படியே பதிவுசெய்து ஏற்றிவிட்டு "இணையவழிப் பாடம்" என்று பெயர் சூட்டும் கல்லூரிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நேரலை வகுப்புக்கு வருகிறேன். குறித்த நேரத்தில் உட்கார்ந்தாக வேண்டும் என்பது வகுப்பறையின் கட்டுப்பாடு. முகம் பார்க்க முடியாது என்பது இணையத்தின் குறை. இந்த இரண்டையும் ஒன்றுசேர்த்துத் தருவதுதான் நேரலை. ஆசிரியர் "புரிந்ததா?" என்பார். திரை முழுவதும் கறுப்புக் கட்டங்கள். சற்று மௌனம். பிறகு அரட்டைப் பெட்டியில் "ஆம்", "ஆம்", "ஆம்" என்று வரிசையாக வந்து விழும். அதில் பாதியாவது வருகைப்பதிவுக்காகப் போட்ட "ஆம்" என்பது ஆசிரியருக்கும் தெரியும். வகுப்பறையில் ஒரு நெற்றிச் சுருக்கத்தைப் பார்த்தே பாடத்தைத் திரும்ப நடத்தும் ஆசிரியரின் கண்ணை இங்கே கட்டிவிடுகிறோம்.

கேமராவைப் போடச் சொன்னால் வேறு தொல்லை. காணொளிக் கூட்டங்களில் ஏற்படும் அயர்ச்சிக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லென்சன் 2021-இல் நான்கு காரணங்களை முன்வைத்தார்: மிக அருகில் தெரியும் கண்கள், ஓயாமல் தெரியும் நம் சொந்த முகம், அசையாமல் உட்காரும் கட்டாயம், சைகைகளைப் புரிந்துகொள்ளக் கூடுதலாகச் செலவாகும் மூளை உழைப்பு. என்னைப் படுத்தியது இரண்டாவது. என் முகத்தைத் திரையில் மறைத்துக்கொள்ளும் வசதியைக் கண்டுபிடித்த பிறகுதான் பாடம் காதில் விழ ஆரம்பித்தது.

ஆய்வகம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அமிலத்தில் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் தரம்பார்த்தலில் ஒரு சொட்டுக் காரம் கூடுதலாக விழுந்தால் வெளிர் இளஞ்சிவப்பு அடர்ந்து அத்தனையும் வீணாகும். குழாயைத் திருகும் விரலுக்குத்தான் அந்த நிதானம் வர வேண்டும். கணினியில் அதைச் சொடுக்கிச் செய்தால் எப்போதும் சரியான அளவு வரும், அதுதான் குறை. நிரலாக்கம் இதற்கு நேர்மாறு: எழுதிய நிரலை உடனே ஓட்டிப் பார்த்துப் பிழையைக் காட்டும் பாடங்களுக்கு வகுப்பறை ஈடாகாது.

தொடங்கியதை முடிப்பது தனிப் பிரச்சினை. எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் இணையத்தில் யாரும் சேரக்கூடியவையாக நடத்திய திறந்தநிலைப் பாடங்களில் 2017-18-இல் சேர்ந்தவர்களில் 3.13 சதவீதத்தினரே முடித்தார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதத்தினர் முடித்தார்கள். சேரும்போதே உறுதியோடு வருபவர்கள்தான் பணம் கட்டுகிறார்கள் என்றும் இதற்கு விளக்கம் சொல்லலாம். எனக்குப் பணத்தைவிட உதவியது, அதே பாடத்தை அதே வாரத்தில் படிக்கும் ஒரு தோழி. "நான்காவது கணக்கு வந்ததா?" என்று அவள் அனுப்பும் செய்தியைப் போலத் தளத்தின் எந்த நினைவூட்டலும் என்னை எழுந்து உட்கார வைத்ததில்லை.

சிறு குழந்தைகளுக்கு இணையவழிக் கல்வியைப் பரிந்துரைக்க மாட்டேன். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். வீட்டில் ஒரே கைபேசி, இரண்டு பிள்ளைகள், ஒரே நேரத்தில் வகுப்பு என்றால் யாரோ ஒருவருக்குப் பாடம் போயிற்று. கைபேசித் திரையில் கணக்கின் அடுக்குக்குறியைப் படிப்பதே பெரும்பாடு.

கட்டணப் பாடத்தில் சேருமுன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: காணொளிகள் எத்தனை நாள் திறந்திருக்கும், பதிவிறக்கம் செய்ய முடியுமா. நான் பணம் கட்டிச் சேர்ந்த ஒரு புள்ளியியல் பாடம் பருவம் முடிந்த மறுநாளே பூட்டப்பட்டுவிட்டது. தேர்வு அதற்கு அடுத்த வாரம்.