திரையுள்ள எஸ்.எம்.பி.எஸ். டெஸ்டர்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கணினி பழுது பார்ப்பவர்களிடம் வரும் புகார்களில் அதிகம் அலைக்கழிப்பது, "ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை" என்பதுதான். ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பட்டைகளை ரப்பரால் தேய்த்து மறுபடி பொருத்துவது, கிராபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டுப் பார்ப்பது, மதர்போர்டின் பேட்டரியைக் கழற்றி மாட்டுவது என்று கை பழகிய வரிசையில் எல்லாவற்றையும் செய்து அரை நாள் போன பிறகுதான், கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். பக்கம் திரும்புகிறோம். ஃபேன் சுற்றுகிறதே, மின்சாரம் ஒழுங்காகத்தானே வருகிறது என்ற நினைப்பே அதற்குக் காரணம். அந்த அரை நாளை மிச்சப்படுத்தும் என்று நம்பி, உள்ளங்கையில் அடங்கும் அளவுள்ள, சிறு திரை பொருத்திய டெஸ்டர் ஒன்றை ஓராண்டுக்கு முன் வாங்கினேன். ஏறக்குறைய ஒரே கருவி பல பெயர்களில் விற்கப்படுவதால், பெயரை விட்டுவிட்டு அந்த வகையைப் பற்றியே எழுதுகிறேன்.

பயன்படுத்தும் முறை எளிது. எஸ்.எம்.பி.எஸ்ஸின் கனெக்டர்களை எல்லாம் கணினியிலிருந்து கழற்றிவிட்டு, சுவர் ஸ்விட்ச் அணைந்திருக்கும் நிலையில் 24 பின் கனெக்டரையும் சிபியுவுக்குப் போகும் 8 பின் கனெக்டரையும் டெஸ்டரில் செருகி, அதன் பிறகு மின்சாரம் கொடுக்க வேண்டும். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்தால் எஸ்.எம்.பி.எஸ். தனியாக ஓடும் என்பது இத்தொழிலில் எல்லோரும் அறிந்த வழி. பேப்பர் கிளிப்பை வளைத்துச் செருகும் அந்த வேலையைக் கருவியே பார்த்துக்கொள்கிறது. 3.3, 5, 12, மைனஸ் 12 வோல்ட் அளவுகளோடு, கணினி அணைந்திருக்கும்போதும் ஊதா வயரில் வந்துகொண்டிருக்கும் ஸ்டான்ட்பை 5 வோல்ட்டும் திரையில் தோன்றுகிறது. 8 பின் கனெக்டரைச் செருக மறந்தால் அதற்குரிய இடத்தில் எல்.எல். என்ற எழுத்துகள் மின்னி, பீப் ஒலி விடாமல் கேட்கும். முதல் நாள் இதைப் புரிந்துகொள்ளாமல், நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைக் கெட்டது என்று மூலையில் வைத்துவிட்டேன்.

இந்தக் கருவி தன் விலைக்கு நியாயம் செய்வது பி.ஜி. என்று குறிக்கப்பட்ட ஒற்றை எண்ணில்தான். எஸ்.எம்.பி.எஸ்ஸை இயக்கியதும் அதன் வோல்டேஜ்கள் நிலைபெறச் சற்று நேரம் ஆகும். நிலைபெற்றுவிட்டன என்பதைச் சாம்பல் நிற வயரின் வழியாக மதர்போர்டுக்குத் தெரிவிக்கும் சைகையே பவர் குட், அதாவது பி.ஜி.; அது வர ஆகும் மில்லி நொடிகளே அந்த எண். மேசைக் கணினி எஸ்.எம்.பி.எஸ்களுக்கான ஏ.டி.எக்ஸ். தரத்தின்படி அது 100 முதல் 500 மில்லி நொடிக்குள் வர வேண்டும், வரும்வரை மதர்போர்டு சிபியுவை ரீசெட் நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும். ஆகவே, எல்லா வோல்டேஜும் சரியாக இருந்து, ஃபேனும் சுற்றி, இந்தச் சைகை மட்டும் வராமல் போனால், கணினி உயிரோடு இருப்பதுபோலத் தோன்றுமே தவிர ஒரு கட்டளையைக்கூட நிறைவேற்றாது. டெஸ்டர் வாங்கிய இரண்டாம் மாதமே அப்படிப்பட்ட கணினி ஒன்று என்னிடம் வந்தது. அதற்கு முன் அதைப் பார்த்தவர் ரேமை மாற்றியிருந்தார், மதர்போர்டையும் மாற்றச் சொல்லியிருந்தார். டெஸ்டரில் செருகியபோது 12.1, 5.0, 3.3 என்று எல்லா எண்களும் அழகாக வந்து நின்றன, பி.ஜி. இடத்தில் மட்டும் 0 என்று காட்டி அலறியது. இதே குறையை மல்டிமீட்டரைக் கொண்டு பிடிக்க வேண்டுமென்றால் முதலில் அதைச் சந்தேகிக்கத் தோன்றியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றியிருக்காது.

அளவுகளின் நுட்பம் அந்த அளவுக்குத் திருப்தி தரவில்லை. திரை ஒரு தசம இடம் வரை மட்டுமே காட்டுகிறது. தரம் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம் 5 சதவீதம் என்பதால், 12 வோல்ட் 11.40 முதல் 12.60 வரை இருக்கலாம். அங்கே ஒரு தசமம் போதும். 3.3 வோல்ட்டுக்கான எல்லையோ 3.14 முதல் 3.47 வரையிலான குறுகிய இடைவெளி. திரையில் 3.5 என்று தெரிந்தால் உண்மை அளவு 3.46ஆக இருந்து எஸ்.எம்.பி.எஸ். தேறியிருக்கவும் கூடும், 3.52ஆக இருந்து எல்லையைத் தாண்டியிருக்கவும் கூடும். இத்தகைய தருணங்களில் மல்டிமீட்டரை எடுத்து ஆரஞ்சு வயரில் நேரடியாக அளந்து பார்ப்பதே என் வழக்கமாகிவிட்டது.

இவற்றைக் காட்டிலும் பெரிய குறை ஒன்று உண்டு, அதைப் பெட்டியின் மேல் யாரும் அச்சிடுவதில்லை. டெஸ்டருக்குள் மின்சாரத்தை இழுக்கும் சுமையாக இருப்பவை சில ரெசிஸ்டர்கள் மட்டுமே. அவை இழுக்கும் மின்சாரம் சில வாட்களைத் தாண்டாது. முழு வேகத்தில் உழைக்கும் கணினி பல நூறு வாட் கேட்கும். காலி வண்டியை மேட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு எஞ்சினுக்குச் சான்றிதழ் கொடுப்பதைப் போன்ற சோதனை இது, அந்தச் சான்றிதழை நம்பி நான் ஒருமுறை தலைகுனிந்திருக்கிறேன். வீடியோ ரெண்டர் தொடங்கிய இரண்டாம் நிமிடத்தில் அணைந்து தானாக மறுபடி எழும் கணினி ஒன்று வந்தது. டெஸ்டர் எல்லாவற்றையும் சரி என்றது, பி.ஜி.யும் 280. ஆகவே சூடுதான் காரணம் என்று தீர்மானித்து, தூசியைத் தட்டி, சிபியுவின் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பூசி அனுப்பி வைத்தேன். மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது.

இந்த முறை எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கழற்றாமல், சும்மா தொங்கிக்கொண்டிருந்த 4 பின் மோலெக்ஸ் கனெக்டரின் மஞ்சள், கறுப்பு வயர்களில் மல்டிமீட்டரின் முனைகளைச் செருகி வைத்துவிட்டு ரெண்டரைத் தொடங்கினேன். சும்மா இருக்கையில் 11.86. வேலை தொடங்கியதும் 11.52. சிறிது நேரத்தில் 11.3க்கு இறங்கியது, கணினியும் அணைந்தது. வோல்டேஜ் எல்லைக்குக் கீழே சரியும்போது பவர் குட் சைகை விலக்கிக்கொள்ளப்படுவதால் மதர்போர்டு ரீசெட் ஆகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது காரணமற்ற ரீஸ்டார்ட்டாகத் தெரிகிறது. டார்ச் அடித்துச் சல்லடை வழியாகப் பார்த்தபோது உள்ளே இரண்டு கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது, அவை கெட்டுப்போனதற்கான அடையாளம் அது. அணைத்த பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம் என்பதால் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை, வேறு எஸ்.எம்.பி.எஸ். பொருத்தியதும் அதே ரெண்டரில் 12 வோல்ட் வயர் 11.97க்குக் கீழே இறங்கவில்லை. நேர் மின்னோட்டத்தின் மேல் படியும் ரிப்பிள் என்ற சிற்றலையையும் இந்த டெஸ்டர் காட்டாது. 12 வோல்ட்டில் 120 மில்லி வோல்ட் வரையில்தான் அதற்கு அனுமதி. அதைப் பார்க்க, அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும்.

எனவே கருவி கெட்டது என்று சொன்னால், கனெக்டர்கள் முழுமையாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு அதை ஏற்றுக்கொள்கிறேன். சரி என்று சொன்னால், அடியோடு உயிரில்லாமல் வந்த கணினியின் விஷயத்தில் மட்டுமே அதைப் பொருட்படுத்துகிறேன். அப்படி வந்த கணினி ஒன்றில் டெஸ்டர் குறை ஏதும் காட்டாததால், கேபினெட்டின் பவர் பட்டன் வயரைப் பிடுங்கிவிட்டு மதர்போர்டில் அந்த இரு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டேன், உடனே எழுந்துகொண்டது. பட்டன்தான் போயிருந்தது.

கட்டமைப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 24 பின் சாக்கெட்டின் கொக்கி இறுக்கமாக இருப்பதால் கழற்றும்போது வயர்களைப் பிடித்து இழுக்கத் தோன்றும்; இழுக்காதீர்கள். சிபியுவுக்கான 8 பின்னும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் 12 வோல்ட்டும் எர்த்தும் எதிரெதிர் வரிசைகளில் அமைந்தவை என்பதால், அவற்றை மாற்றிச் செருகினால் ஷார்ட் ஆகும். இவ்வளவு முக்கியமான இடத்தில் பெயரைக் கடுகளவு எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள், ஆறே மாதத்தில் அதுவும் தேய்ந்து போயிற்று. தமக்கென்று தனி வடிவக் கனெக்டர் வைத்துக்கொள்ளும் நிறுவனங்களின் மேசைக் கணினிகளிலும், 12 வோல்ட் மட்டுமே தரும் புதிய 10 பின் வகையிலும் இது பயன்படாது.

வாரத்துக்கு நான்கைந்து கணினிகளைத் திறப்பவர் வாங்கலாம். வீட்டில் உள்ள ஒரே கணினிக்காக வாங்க நினைப்பவர் அந்தப் பணத்தை நல்ல மல்டிமீட்டர் ஒன்றில் போடுவது மேல், பி.ஜி. நேரம் ஒன்றைத் தவிர மற்ற அளவுகளை எல்லாம், அதுவும் கணினி உழைத்துக்கொண்டிருக்கும்போதே, அதில் பார்த்துவிட முடியும். என் டெஸ்டரில் தேய்ந்துபோன பெயர்களின் மேல் வெள்ளை டேப் ஒட்டி, சிபியு, கிராபிக்ஸ் என்று மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.