கூரைத் துணியைக் கழற்றிய நான்கு நாட்கள்

ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் எங்கள் கேம்பர் வேனின் கூரையில் உள்பக்கம் ஒட்டிய துணி இன்னும் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். சாதாரண வேனாக வாங்கி, பின்பக்கம் படுக்கை, அலமாரி, கூரையில் காற்றுத் திறப்பு எல்லாம் அப்பா பார்த்துப் பார்த்து வைத்த வண்டி அது. நான் வெளிநாடு போனபின் பெரும்பாலும் வெயிலில் பூட்டியே நிற்கிறது. போன விடுமுறையில் படுத்தால் துணி நெற்றியைத் தொட்டது. ஓரிடத்தில் கொடுத்தோம். அங்கே எதையும் கழற்றவில்லை. தொங்கிய இடங்களில் துணிக்குள் பசையை ஏற்றி, அழுத்திவிட்டு, ஒரு மணி நேரத்தில் வண்டியைத் திருப்பித் தந்துவிட்டார்கள். நான் திரும்பிப் போன இரண்டாவது மாதமே பழையபடி தொங்கிவிட்டது என்று அப்பா ஃபோனில் சொன்னார். துணி முழுக்கப் பசைக் கறை வேறு. எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது.

இந்தத் தடவை விடுமுறையில் நான்கு நாளை இதற்கென்றே ஒதுக்கி, குஷன் வேலை செய்யும் வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் ஓரத்தில் துணியைக் கொஞ்சம் பிரித்து, உள்ளங்கையை அடியில் நீட்டினார். பழுப்பு நிறத்தில் தூள் கொட்டியது. "துணி கெட்டுப்போகல தம்பி. பின்னாடி இருக்கிற ஃபோம்தான் உதிர்ந்து போச்சு. தூள் மேல எந்தப் பசை பிடிக்கும்?" என்றார்.

விஷயம் அதுதான். முன்பக்கம் ஓட்டுநர் தலைக்கு மேலே இருப்பது அச்சில் வார்த்த ஓர் அட்டை. அதன்மேல் ஒட்டும் துணியின் முதுகில் சுமார் 3 மில்லிமீட்டர் ஃபோம் இருக்கும். வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்து அந்த பாலியூரிதேன் ஃபோமை வருடக்கணக்கில் அரித்துவிடுகின்றன. பசை அட்டையில் அப்படியே இருக்கும், துணியும் முழுசாக இருக்கும், நடுவில் இருப்பது மட்டும் மாவாகிவிடும். அதனால் மேலோடு பசை அடிப்பது எப்போதுமே வீண் வேலை. துணியைக் கழற்றியே ஆக வேண்டும்.

முதல் நாள் முழுக்கக் கழற்றல். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, வெயில் மறைப்புப் பலகை, உள் விளக்கு, கைப்பிடிகள், கண்ணாடியோரத் தூண்களின் மூடி, சீட் பெல்ட்டின் மேல் போல்ட், கதவைச் சுற்றிய ரப்பர் பீடிங் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வோர் இடத்து ஸ்க்ரூவும் தனித்தனி உறைக்குள் போனது, மேலே பெயர் எழுதி. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் எடுக்கும்போதே உடையும், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. புதியவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்கள். எங்களுடையது பழைய வண்டி, அதனால் பயமில்லை. புதிய வண்டிகளில் கூரையின் ஓரத்திலேயே பக்கவாட்டுக் காற்றுப்பைகள் மடிந்திருக்கும். அவற்றைப் பற்றித் தெரிந்தவர்களிடம் மட்டும் கொடுங்கள்.

அட்டையைப் பின்கதவு வழியாகத்தான் எடுக்க முடியும். கொஞ்சம் வளைந்தாலும் நடுவில் மடிப்பு விழுந்து, அந்தக் கோடு புதுத் துணியிலும் தெரியும் என்றார் பெரியவர். மூன்று பேர் ஆளுக்கொரு பக்கம் ஏந்தி, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் இறக்கினார்கள்.

பின்பக்கம் வேறு மாதிரி. அங்கே அட்டை கிடையாது. குறுக்கே வளைந்த கம்பிகள், அவை துணியில் தைத்த பைகளுக்குள் ஓடுகின்றன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் ஒவ்வொரு கம்பியின் நீளமும் வளைவும் வேறு. இடம் மாறினால் துணி ஓரிடத்தில் தொய்யும், இன்னோரிடத்தில் கிழியும். அதனால் முன்னிருந்து பின்னாக எண் ஒட்டி, கம்பி எந்தத் துளையில் உட்கார்ந்திருந்தது என்பதையும் குறித்துக்கொண்டார்கள். பழைய துணியைத் தூக்கிப்போடாமல் தையலைப் பிரித்து, அதையே அளவாக வைத்துப் புதுசை வெட்டினார்கள், சுற்றிலும் நாலு விரல் கூடுதலாக விட்டு.

துணி இறங்கியதும்தான் உண்மையான சேதி தெரிந்தது. காற்றுத் திறப்பைச் சுற்றித் தகட்டில் துரு. மேலே பூசியிருந்த சீலன்ட் வெடித்து, மழைநீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. குளிர் தாங்க அப்பா திணித்திருந்த பஞ்சும் ஈரமாகிப் பூசணம் பிடித்திருந்தது. அதைப் பார்த்து அப்பா வெகுநேரம் பேசவில்லை. துணியை மட்டும் மாற்றியிருந்தால் இது எதுவும் தெரியாமலே போயிருக்கும். இரண்டாம் நாள் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, சீலன்டைப் புதிதாகப் பூசிக் காயவிட்டார்கள். மறுநாள் காலை கூரைமேல் குழாயில் நீர் விட்டு, நாங்கள் உள்ளே உட்கார்ந்து பார்த்தோம். ஒரு சொட்டும் இறங்கவில்லை. பஞ்சுக்குப் பதில் நீர் உறிஞ்சாத ஃபோம் ஷீட் வைத்தோம். படுக்கை விளக்குக்கு வேண்டிய வயரையும் அப்போதே இழுத்துவிட்டோம். கூரை திறந்திருக்கும்போது செய்யாவிட்டால் பிறகு முடியாது.

அட்டையைச் சுத்தம் செய்ததுதான் மிகவும் பொறுமை கேட்ட வேலை. கம்பி பிரஷ் போட்டால் அட்டையின் நார் பிய்ந்துவிடும். நைலான் பிரஷால் தேய்த்து, கையில் தூள் ஒட்டாமல் போகும் வரைக்கும் துடைத்தார்கள். அப்புறம்தான் பசை. பூட்டி நிற்கும் வண்டிக்குள் வெயில் காலத்தில் 60 டிகிரிக்கு மேல் ஏறும். கூரைத் தகடு அதைவிடச் சுடும். அதனால் வெப்பம் தாங்கும் ஸ்பிரே பசையாகவே வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அட்டையிலும் துணியின் ஃபோம் முதுகிலும் அடித்து, தொட்டால் பிசுபிசுத்து ஆனால் விரலில் வராத பதம் வரும்வரை காத்திருந்தார்கள். நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி, உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டினார்கள். பள்ளங்களில் துணியை இழுக்காமல் உள்ளே இறக்க வேண்டும். இழுத்து ஒட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும், நாள் போனால் அந்த இடம்தான் முதலில் எழும்பும். விளக்குக்கான ஓட்டைகளைக் கடைசியில்தான் வெட்டினார்கள்.

பின்பக்கம் கம்பிகளில் தொங்கும் துணியை முதலில் முன்னும் பின்னும் நடுவில் பிடித்து, பிறகு பக்கங்களை இரண்டு பேர் ஒரே நேரத்தில் இழுத்துக் கிளிப் போட்டார்கள். ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் தையல் கோணிக்கொள்ளுமாம்.

நான்காம் நாள் மாலை வண்டி கைக்கு வந்தது. காற்றுத் திறப்பின் இடது மூலையில் மட்டும் மெல்லிய சுருக்கம் ஒன்று இருந்தது. பெரியவரே காட்டி, நீராவி பிடித்தார், பாதி போயிற்று. "ரெண்டு வெயில் பார்க்கட்டும். போகலைன்னா அந்தத் திறப்போட வளையத்தை மட்டும் கழட்டி, துணியை இழுத்துத் தர்றேன்" என்றார். நான் கிளம்பிய நாள் வரை அது அப்படியேதான் இருந்தது. மீந்த துணியும் ஆறு கிளிப்புகளும் படுக்கைக்கு அடியில் இருக்கின்றன. மழை முடிந்ததும் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.