நான்கு பைப், நான்கு விதப் பராமரிப்பு

புகைபிடிக்கும் பைப் கசக்கிறது என்று புகையிலையை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. தண்டுக்குள் ஒரு பைப் கிளீனரை (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) விட்டு இழுத்தால் காரணம் கறுப்பாக வெளியே வரும். பல வருடங்களாகப் பிரையர், மீர்ஷாம், களிமண், சோளக்கட்டை என மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுத்துவிடும். (புகையிலை உடம்புக்குக் கேடுதான். அதற்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை.)

பிரையர் என்பது மத்திய தரைக்கடல் பக்கத்துப் புதர்ச்செடி ஒன்றின் வேர்முடிச்சு. சூடு தாங்கும் கட்டைதான், ஆனாலும் கிண்ணத்தின் உட்சுவரில் மெல்லிய கரிப்படலம் படிந்தால்தான் அதற்குப் பாதுகாப்பு. ஒரு மில்லிமீட்டர் கனம் போதும். ரொம்பத் தடித்தால் கரியும் மரமும் சூட்டில் வேறுவேறு அளவில் விரிந்து கிண்ணம் விரிசல் விடலாம். கரியைச் சுரண்டும் கருவியான ரீமரை மெதுவாகச் சுற்றிக் குறைக்க வேண்டும். பேனாக்கத்தி வேண்டவே வேண்டாம், சுவரில் மேடுபள்ளம் விழும்.

தினப்படி வேலை சின்னதுதான். புகைத்து முடித்ததும் வாய்க்குழாயைக் கழற்றாமலே பைப் கிளீனரைக் கிண்ணத்தின் அடிவரை விட்டு, ஈரம் உறிஞ்சக் கொஞ்ச நேரம் அப்படியே வைப்பேன். சூடு ஆறும் முன் வாய்க்குழாயைத் திருகினால் தண்டு பிளக்கக்கூடும். அப்புறம் ஒரு நாளாவது அந்த பைப்புக்கு ஓய்வு. என்னைப் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடக் கூடாது. பூஞ்சணம் பிடிக்கும்.

பழைய பைப் வாங்கினால் முந்தையவரின் புகையிலை வாசனையும் சேர்ந்தே வரும். அதற்குக் கல்லுப்பு வைத்தியம் பிரபலம். கிண்ணத்தில் உப்பை நிரப்பி, வோட்காவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இரவு முழுக்க வைப்பார்கள். காலையில் உப்பு பழுப்பேறியிருக்கும். உப்பு தண்டுக்குள் இறங்கினால் மரத்துக்கு ஆகாது என்று பயப்படுபவர்கள் பஞ்சை அடைக்கிறார்கள். நானும் பஞ்சுக் கட்சிதான். வேலை அதேபோல நடக்கிறது, துடைக்கவும் சுலபம்.

வாய்க்குழாய்தான் அதிகம் படுத்தும். அக்ரிலிக் என்றால் கவலையில்லை. வல்கனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக வைத்த ரப்பர். வெயிலும் காற்றும் பட்டால் பச்சை கலந்த பழுப்பாக மாறி, உதட்டில் கந்தக நெடி அடிக்கும். லேசாக நிறம் மாறியிருந்தால் மெலமைன் ஸ்பாஞ்சை நனைத்துத் தேய்த்தால் போய்விடும். தடிப்பாகப் படிந்திருந்தால் 400-ஆம் எண்ணில் ஆரம்பித்து 2000-ஆம் எண் வரை உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுப் போட வேண்டும். அப்போது வாய்க்குழாய் பைப்பில் மாட்டியே இருக்கட்டும், தண்டின் மேல் டேப் சுற்றிக்கொள்ளலாம். கழற்றி வைத்துத் தேய்த்தால் இணைப்பின் விளிம்பு மழுங்கி, மாட்டும்போது அங்கே ஒரு பள்ளம் தெரியும். கடைசியில் சமையல் எண்ணெய் துளி தொட்டுத் துடைத்து, வெயில் படாத இடத்தில் வைத்தால் கறுப்பு நிறம் நீடிக்கும்.

மீர்ஷாம் ஒரு செல்லப்பிள்ளை. துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் தோண்டி எடுக்கும் மென்மையான கனிமம் இது. பிரையருக்கு நாம் வளர்க்கும் கரிப்படலம் இதற்கு ஆகவே ஆகாது. ஒவ்வொரு முறையும் காகிதத்தைச் சுருட்டி உள்ளே விட்டுத் துடைத்துவிட வேண்டும். ரீமர், தண்ணீர், சாராயம் எதுவும் கிண்ணத்தின் பக்கம் வரக் கூடாது. சூடாக இருக்கும்போது கிண்ணத்தை விரலால் தொடாமல் தண்டைப் பிடிக்க வேண்டும். தேன்மெழுகு பூசியிருப்பதால், நாளாக நாளாக வெள்ளை மஞ்சளாகி, அடியிலிருந்து தேன் நிறம் ஏறும். அழகுதான். ஆனால் தினமும் எடுத்துப் பிடிக்க எனக்குப் பொறுமையில்லை.

களிமண் பைப்பை அடுப்புக் கரியில் போட்டுச் சுட்டு எடுத்தால் தார் எல்லாம் எரிந்து மறுபடி வெள்ளையாகிவிடும். தானாக ஆறவிட வேண்டும், தண்ணீரில் போட்டால் வெடிக்கும்.

சோளக்கட்டை பைப்புக்குப் பேர்போன நிறுவனம் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1869 முதல் இயங்கும் மிசூரி மீர்ஷாம். பேரில்தான் மீர்ஷாம், பொருள் மக்காச்சோளத் தக்கை. இதற்குப் பைப் கிளீனரும் ஓய்வும் போதும், ஆல்கஹாலில் ஊறவைக்க வேண்டாம். முதல் சில தடவை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தண்டின் நுனி கருகி வாடை வரும், பிறகு சரியாகிவிடும். விலையும் குறைவு. புதிதாகத் தொடங்குகிறவர் கேட்டால் நான் காட்டுவது இதைத்தான். அடி எரிந்து ஓட்டை விழுந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.