9800 என்று அச்சடித்த பற்றரியை நம்பி வேப்பில் போட்டேன்

கடையின் பெயர் எழுதவில்லை, கேட்கவும் வேண்டாம். திருகோணமலை மத்திய வீதியில் போன் கவரும் ரோர்ச் லைட்டும் சரம் சரமாகத் தொங்கவிட்டிருக்கும் கடைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

மச்சான் ஒருத்தன் டோஹாவிலிருந்து லீவில் வந்தபோது, சிகரெட்டை நிறுத்த உதவும் என்று சொல்லி இரண்டு பற்றரி போடுகிற தன் பழைய வேப்பை (புகைக்குப் பதில் திரவத்தைச் சூடாக்கி ஆவியை இழுக்கிற மின் சிகரெட்) என்னிடம் விட்டுப் போனான். நிறுத்தினேனா என்பது வேறு கதை. உள்ளே இருந்தவை 18650 பற்றரிகள், அதாவது 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். அவை பழசாகி அரை நாள்கூடத் தாங்காமல் போகவே, அந்தக் கடைக்குப் போய்க் கேட்டேன். சோடி 2,400 ரூபா. மேலே 9800 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற கணக்கு), 40 ஆம்பியர் (ஒரே நேரத்தில் எவ்வளவு மின்னோட்டம் தரும் என்ற கணக்கு) என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. என்ன சாமானுக்கு என்று வெளிப்படையாகவே சொன்னேன். "பயப்படாம கொண்டு போங்க தம்பி, கடலுக்குப் போறவங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்க, ஒருத்தரும் குறை சொன்னதில்லை" என்றார். பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அது என் மடத்தனம்.

மூன்றாம் நாள் பின்னேரம் டச்பே கடற்கரையில் நாலு பேர் கடலை கொறித்துக்கொண்டு இருந்தோம். இரண்டு இழுவைதான் இழுத்திருப்பேன், கையில் சூடு ஏறியது. வெயிலில் வைத்திருந்ததால் இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் ஸ்ஸ் என்று ஒரு சத்தம், பெயின்ட் தின்னர் மாதிரி ஒரு வாசம், பற்றரி மூடியின் இடுக்கால் வெள்ளைப் புகை. பயத்தில் எறிந்துவிட்டேன், ஈர மணலில் விழுந்தது, விழுந்த பிறகுதான் நெருப்பு வந்தது. உள்ளங்கையில் ஒரு கொப்புளத்தோடு தப்பினேன். சாரத்து மடிப்பில் செருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே விருப்பமில்லை.

அடுத்த நாள் கடைக்குப் போனால் அதே மனிதர், "நீங்க சார்ஜ் போட்டது பிழை" என்கிறார். பில் எங்கே என்று என்னையே கேட்கிறார்! 1977க்கு அழைத்து நுகர்வோர் அதிகாரசபையிடம் முறையிடலாம்தான், ஆனால் அங்கே வாங்கினேன் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

மற்றப் பற்றரி எரியாமல் தப்பியிருந்தது. நகைக்கடை வைத்திருக்கிற சித்தப்பாவிடம் கொண்டுபோய்த் தராசில் போட்டோம். 29 கிராம். மச்சான் தந்த பழையதைப் போட்டோம், 46 கிராம். சித்தப்பா சிரித்துவிட்டு, "தங்கத்தில இப்பிடிச் செய்தா எனக்குக் கடை இருக்காது" என்றார். நல்ல 18650 எல்லாம் 45 கிராம் அளவில் இருக்கும். இப்படி எடை குறைந்தவற்றில் பெரிய குழாய்க்குள் சின்னப் பற்றரி ஒன்றை வைத்து, மிச்ச இடத்தை ஏதாவது தூளால் நிரப்பியிருப்பார்கள். கொள்ளளவை அளக்கும் சார்ஜர் வைத்திருக்கும் நண்பன் ஒருவன் மெல்ல, பக்கத்திலேயே இருந்து சோதித்துப் பார்த்தான். 9800 என்றது 700ஐக்கூடத் தொடவில்லை. உண்மையில் 18650 அளவில் 3,600 எம்ஏஎச் தாண்டினாலே சந்தேகப்படவேண்டும், 9800 என்பது பகல் கொள்ளை. 40 ஆம்பியரும் அப்படித்தான். விடாமல் தொடர்ந்து 20, 25 ஆம்பியர் தந்தாலே அது முதல்தரமான பற்றரி, அதற்கு மேல் அச்சடிப்பது பெரும்பாலும் ஓரிரு வினாடிக்குத் தாங்குகிற கணக்கு, இல்லையென்றால் சுத்தப் பொய்.

கடைக்காரர் மீனவர்களைப் பற்றிச் சொன்னது பொய்யாக இருக்காது, அதுதான் இதில் வில்லங்கம். தலையில் கட்டுகிற லைட் ஒன்று, இரண்டு ஆம்பியர்தான் இழுக்கும், போலிப் பற்றரியும் அதற்கு ஒருமாதிரி ஈடுகொடுக்கும். வேப் அப்படியில்லை. என்னுடையதை 80 வாட்டில் வைத்திருந்தேன். இரண்டு பற்றரியும் தொடராக இருக்க, ஒவ்வொன்றும் 3.2 வோல்ட்டுக்கு இறங்கும்போது 80ஐ 6.4ஆல் வகுத்துப் பாருங்கள், 12.5 ஆம்பியர். ஒவ்வொரு இழுவைக்கும் அவ்வளவு. ஒரு சர்க்கியூட்டும் இல்லாத வெறும் குழாய் வேப் என்றால் இன்னும் மோசம், 0.2 ஓம் கொயிலில் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) முழுச் சார்ஜ் 4.2 வோல்ட்டுக்கு 21 ஆம்பியர் போகும், தடுக்க உள்ளே எதுவும் கிடையாது.

பெரிய எம்ஏஎச் தேடவேண்டாம், ஆம்பியரைப் பாருங்கள். சாம்சங் 25ஆர் 2,500 எம்ஏஎச்தான், ஆனால் 20 ஆம்பியர். பனசொனிக்கின் 3,400 எம்ஏஎச் பற்றரி அசலாகவே இருந்தாலும் ஏழு ஆம்பியர்கூடத் தாங்காது, லைட்டுக்கு நல்லது, இதற்கு ஆகாது. சோனி தன் பற்றரித் தொழிலை 2017இல் முராட்டா என்ற ஜப்பான் கம்பனிக்கு விற்றுவிட்டது, ஆகவே "சோனி, இப்ப வந்த புதுச் சாமான்" என்று நீட்டினால் கையை எடுத்துவிடுங்கள். பழைய லப்டொப் பற்றரியை உடைத்து எடுத்ததற்குப் புது உறை போட்டு விற்பதும் நடக்கிறது. ஒன்றையும் மறைக்காமல் சொல்வதென்றால், இந்த 18650 பற்றரிகளைத் தயாரிக்கிற கம்பனிகளே தனிப் பற்றரியாக வாங்கி வேப்பில் போடாதே என்றுதான் சொல்கின்றன. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணைக்குழுவும் 2021 ஜனவரியில் அதையே எச்சரித்தது.

அப்படியும் பாவிப்பவர்கள் மேல் உறை கிழிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். சுற்றியுள்ள தகரம் முழுவதும் மறைமுனை, நேர்முனையின் விளிம்பில் உறை கொஞ்சம் உரிந்தாலே ஷோர்ட் ஆகிவிடும். காற்சட்டைப் பைக்குள் திறப்போடும் சில்லறையோடும் போடவே போடாதீர்கள், ஒரு சின்ன பிளாஸ்ரிக் பெட்டி போதும். இரண்டு பற்றரி என்றால் ஒரே நாளில் வாங்கிய சோடியை ஒன்றாகவே சார்ஜ் போட்டு ஒன்றாகவே பாவியுங்கள். இரவு சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கிற பழக்கம் எனக்கும் இருந்தது, விட்டுவிட்டேன். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைப்பதையும்தான், நம்ம ஊர் மே மாத வெயிலில் அங்கே முட்டை அவியும்.

அந்த 29 கிராம் பற்றரி இப்போது வீட்டுக்குப் பின்னால் ஒரு பால்மா ரின்னுக்குள், மணல் போட்டு வைத்திருக்கிறேன். குப்பை வண்டியில் போட மனம் வரவில்லை, நசுங்கினால் அங்கேயும் பற்றும். ரவுனில் பழைய பற்றரி பொறுப்பாக எடுக்கிற இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அம்மா தினமும் அந்த ரின்னைக் கேட்கிறார்.