ரொஸ்ட்டா, வேரொய்யா?

நார்வேயின் வடக்கே, லொஃபோட்டன் தீவுக்கூட்டத்தின் வால்முனையில் இரண்டு குட்டி ஊராட்சிகள். வேரொய்யில் ஏறக்குறைய 700 பேர். ரொஸ்ட்டில் 500க்கும் குறைவு. 1928 வரை ஒரே ஊராட்சியாக இருந்து, பிறகு பாகம் பிரித்துக்கொண்டவை. சென்ற பத்தாண்டில் சிறிய ஊராட்சிகளை இணையச் சொல்லி அரசு ஊக்கியபோதும் இவை ஒட்டவில்லை. பூடோ நகரிலிருந்து வரும் கப்பல் இரண்டிலும் நிற்கும். ஒன்றில்தான் இறங்க நேரம் என்றால் எதில் இறங்குவது?

கண்ணுக்கு விருந்து வேரொய்தான். கடலிலிருந்து நேராக எழுந்து 450 மீட்டரைத் தொடும் மலை. ரொஸ்ட்டில் மக்கள் வாழும் தீவோ சப்பைத் தரை. அதன் உச்சி நாலு மாடிக் கட்டடத்தின் உயரம்தான். ஆனால் வேரொய்க்கு அழகு தந்த மலையே அதற்கு வினையாகவும் ஆனது. 1986இல் அங்கே விமான நிலையம் திறந்தார்கள். மலையில் மோதித் திரும்பும் காற்று அங்கே ஓயாத தொல்லை. 1990 ஏப்ரலில் புறப்பட்ட சிறு விமானம் ஒன்று பலத்த காற்றில் சிக்கிக் கடலில் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். நிலையம் மூடப்பட்டது; இன்று ஹெலிகாப்டர்தான். சப்பைத் தரை ரொஸ்ட்டுக்கு விமானம் வந்துகொண்டிருக்கிறது.

வேரொய்யின் இன்னொரு பெருமை லுண்டஹுண்ட் நாய். காலுக்கு ஆறு விரல், முதுகைத் தொடும்வரை பின்னால் வளையும் கழுத்து. பாறை இடுக்குகளில் புகுந்து பஃபின் பறவைகளைப் பிடித்து வரும். பறவை பிடிக்க வலை வந்ததும் மற்ற இடங்களில் இந்த நாய்க்கு வேலை போயிற்று. வேரொய்யின் மோஸ்டாட் கிராமம் மட்டும் விடாமல் வளர்த்தது. இன்று நாய் பிழைத்திருக்கிறது, கிராமத்தில் குடியில்லை.

ரொஸ்ட்டின் கதை இதைவிட ஆழம். 1431இல் கிரீட்டிலிருந்து சரக்கேற்றி ஃபிளாண்டர்ஸ் நோக்கிக் கிளம்பினார் வெனிஸ் வணிகர் பியேத்ரோ குவெரினி. புயலில் கப்பல் போயிற்று. அறுபதுக்கும் மேற்பட்டோரில் மிஞ்சிய 11 பேர் 1432 ஜனவரியில் ரொஸ்ட்டை ஒட்டிய ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். ரொஸ்ட் மீனவர்கள் அவர்களைக் கண்டெடுத்து, மே மாதம் வரை வீட்டில் வைத்துச் சோறு போட்டார்கள். ஊர் திரும்பியவர்கள் எழுதிவைத்த குறிப்புகள்தான் அந்தக் காலத்து வடநார்வே மீனவர் வாழ்க்கைக்கு நமக்குக் கிடைத்த அரிய சாட்சி.

அவர்கள் அங்கே சாப்பிட்ட காய்ந்த காட் மீனுக்கு இன்றும் பெரிய சந்தை இத்தாலிதான். கருவாடு என்றால் நமக்கு உப்பும் வெயிலும். இதில் உப்பே இல்லை; காயவைப்பது குளிர்காற்று. குளிர்காலக் கடைசியில் பிடித்த மீனை இரண்டிரண்டாக வாலைக் கட்டி மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். ஜூன் வாக்கில் இறக்குகிறார்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருந்தும், வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தால் குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். அதனால் மீன் உறைந்து நார்நாராகப் பிளப்பதில்லை. ஈ வரும் காலத்துக்கு முன்பே காய்ந்தும் விடும். தலைகளைத் தனியே காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். எதுவும் வீணில்லை.

பறவைக்காகப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ரொஸ்ட்டின் வெளித்தீவுகளில் 1970களின் இறுதியில் பத்து லட்சம் சோடிகளுக்கும் மேல் பஃபின்கள் கூடு கட்டின. குஞ்சுகளுக்கு இரை ஹெர்ரிங் மீன்குஞ்சு. அது குறையக் குறையப் பறவையும் சரிந்துவிட்டது. பழைய புகைப்படங்களை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

கோடையில், கால் வலுவும் தெளிந்த வானமும் இருந்தால் வேரொய்யில் இறங்கலாம். மேகம் இறங்கிவிட்டால் அங்கே பாதிச் சுகம் போய்விடும். ரொஸ்ட்டுக்கு அந்தக் கவலை இல்லை. மறைக்க அங்கே மலையே கிடையாது. என் ஓட்டு ரொஸ்ட்டுக்கு. அதுவும் ஜூலையில் அல்ல, சட்டங்கள் நிறைய மீன் தொங்கும் ஏப்ரலில். மீன் வாடைக்கு முகம் சுளிப்பவர்கள் வேரொய்க்கே சீட்டு எடுக்கலாம். ஆனால் அங்கேயும் மீன்தான் பிழைப்பு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.